கப்பல் வரும்வரை கண்டி

ஆறு நாள் கடலில் இருக்கப் போகிறோம் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பியவர்கள் நாங்கள். முதல் விடியலில் கண் திறந்தபோது ஜன்னலுக்கு வெளியே மலை நின்றது.

முழு மலைகூட இல்லை. பனி அதன் கழுத்துவரை ஏறியிருந்தது. தலை மட்டும் வெளியே தெரிந்தது, குளத்தில் முங்கிக் குளிக்கிற ஆளைப்போல. பக்கத்துக் கட்டிலில் அண்ணனின் குறட்டை ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டால் கப்பல் எஞ்சின்தான். கொஞ்ச நேரம் அப்படியே படுத்துக்கிடந்தேன். கட்டில் லேசாக ஆடுவதுபோலக்கூட இருந்தது.

நடந்தது இதுதான். கொழும்பில் விமானத்தை விட்டு இறங்கியதும், கப்பல் கம்பெனியின் பெண் ஒருவர் எங்கள் கழுத்தில் நீலப் பட்டி கட்டிய அட்டையை மாட்டிவிட்டார். பிறகு மிக இனிமையான ஆங்கிலத்தில் பேசினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: “உங்கள் கப்பல் வழியில் சற்றுக் களைப்பாறுகிறது. அது வரும்வரை உங்களை மலைக்கு அனுப்புகிறோம். விடுமுறை இப்போதே தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.” எஞ்சின் கோளாறு அவர் வாயில் களைப்பாறுதல் ஆகிவிட்டது. எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது.

“களைப்பாற அது என்ன மாடா?” என்றார் அண்ணன். என்னிடம் இல்லை, எங்களை ஏற்றிப்போக வந்த வேன் டிரைவரிடம்.

அண்ணன் என்னிடம் எதுவும் சொல்வதில்லை. நானும் அவரிடம் சொல்வதில்லை. நாலு வருடமாக இப்படித்தான்.

அவருடைய மகள் கயலின் கல்யாணத்தில், பந்தி நடந்த கூடத்து வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பந்தி எழுந்தது. அடுத்தது உட்கார்ந்தது, அதுவும் எழுந்தது. யார் யாரையோ கையைப் பிடித்து இழுத்துப்போய் இலை முன்னால் உட்கார வைத்தார்கள். அண்ணன் என்னைக் கடந்து நாலு தடவை போனார். ‘சாப்பிட வா’ என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. நான் கை நனைக்காமல் பஸ் ஏறிவிட்டேன். எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கத்தில் இதற்கு மேலே ஒரு கோபம் கிடையாது.

அண்ணனிடமும் ஒரு நியாயம் இருந்தது. “கூடப்பொறந்தவன எவனாச்சும் கூப்பிடுவானா? வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு அவன்தான சாம்பார் வாளியத் தூக்கணும்? விருந்தாளி மாதிரி வாசல்ல நின்னா நான் என்ன செய்யட்டும்?” என்று ஊரெல்லாம் கேட்டார். என்னிடம் மட்டும் கேட்கவில்லை.

சிங்கப்பூரிலிருந்து கயல்தான் இந்தக் கப்பலை ஏற்பாடு செய்தாள். எங்கள் இருவருக்கும் ஒரே அறை, ஒரே மேசை. “சித்தப்பா, கப்பல்ல கோவிச்சுக்கிட்டு எறங்கிப் போக முடியாது. சுத்தியும் தண்ணி,” என்றாள் போனில். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வைக்கும் முன் குரல் மாறியது. “இதுக்கப்புறம் நான் யாரையும் கேக்க மாட்டேன். எனக்கும் முடியல.”

அவள் போட்ட கணக்கில் தண்ணீர் இருந்தது. எங்களுக்கு வாய்த்ததோ சுற்றிலும் தரை. யார் வேண்டுமானாலும் எந்த வளைவிலும் இறங்கிப் போய்விடலாம்.

டிரைவர் பெயர் நஸீர். கண்டிக்குப் பக்கத்தில் மடவளைக்காரர். ஊர் வழக்கப்படி நான் ‘பாய்’ என்று கூப்பிட்டேன். “பாய்னா இங்க படுக்கிற பாய் மட்டும்தான், சேர். நானான்னு சொல்லுங்க, அண்ணன்னு அர்த்தம்,” என்றார். அண்ணன் முன்சீட்டில். நான் பின்சீட்டில்.

“ஏசியக் கொறைக்கலாமான்னு அவர்ட்ட கேளுங்க,” என்றார் அண்ணன்.

எனக்குக் காது மந்தம் என்று நஸீர் நினைத்துவிட்டார். கண்ணாடியில் என்னைப் பார்த்து உரக்கச் சொன்னார்: “சேர், ஏசியக் கொறைக்கவாம்!”

“கொறைக்கச் சொல்லுங்க,” என்றேன்.

“கொறைக்கட்டாம், பெரிய சேர்.” கொஞ்ச தூரம் போன பிறகு அவருக்கு ஏதோ இடித்தது. “ரெண்டு பேரும் தமிழ்தானே?”

“தமிழ்தான்,” என்றார் அண்ணன்.

“ஒரே ஊட்டுத் தமிழா?”

“ஒரே வயித்துத் தமிழ்,” என்றார் அண்ணன், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

நஸீர் கியரை மாற்றினார். அன்றிலிருந்து எங்களுக்கு நடுவில் தமிழிலிருந்து தமிழுக்கு மாற்றித் தருகிற வேலையை முகம் சுளிக்காமல் பார்த்தார்.

கடுகண்ணாவை ஏற்றத்தில் வளைவுகள் தொடங்கின. கடலுக்கென்று அண்ணன் வாங்கி வைத்திருந்த வாந்தி மாத்திரை மலையிலேயே தீர்ந்துபோனது. இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தினோம். அவர் ஓரமாகக் குனிந்து நிற்க, நஸீர் முதுகைத் தடவிக்கொடுத்தார். தண்ணீர் பாட்டில் என் கையில் இருந்தது. அதை நஸீரிடம் கொடுத்தேன், நஸீர் அண்ணனிடம் கொடுத்தார். பாட்டில் அதே வழியில் திரும்பி வந்தது.

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. அது உடம்போடு வந்த குணம். மறுநாள் விடிகிற பொழுதில் அறையை விட்டு இறங்கி ஏரிக்கரைக்குப் போய்விட்டேன். கண்டி அப்போது பாதிதான் உருவாகியிருந்தது. ஏரியைச் சுற்றி அலை அலையாக ஒரு வெள்ளைச் சுவர் இருக்கிறது. மேகத்தைப் பார்த்துக் கட்டியதாம். அன்றைக்கு அதன்மேல் நிஜ மேகமும் வந்து உட்கார்ந்திருந்தது, எது சுவர் எது மேகம் என்று கையால் தொட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வெள்ளை உடுத்தியவர்கள் தட்டில் பூக்களோடு, புத்தரின் பல் இருக்கிற தலதா மாளிகைப் பக்கம் நடந்தார்கள். காலடிச் சத்தமே இல்லை. எங்கிருந்தோ மணி அடித்த மாதிரி ஒரு சங்கீதம் வந்தது. பின்னாலேயே ரொட்டி விற்கிற ஆட்டோ வந்தது. இந்த ஊரில் ரொட்டி பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வருகிறது. எங்கள் ஊரில் தண்ணீர் லாரி வரும், ஹாரன் அடித்துக்கொண்டு.

திரும்பி மேலே ஏறியபோது ஹோட்டலைக் காணவில்லை. பனிக்குள் வெள்ளைக் கம்பிக் கைப்பிடிகள் மட்டும் மிதந்தன. கைப்பிடியில் சாய்ந்துகொண்டு அரை டிரவுசரில் ஒருவர் நின்றார். கப்பலுக்கென்று புதிதாக வாங்கிய டிரவுசர். நான் வருவதைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

கப்பல் கம்பெனிப் பெண் விடாப்பிடியானவர். கப்பலில் நடக்க வேண்டியதையெல்லாம் ஹோட்டலிலேயே நடத்தினார். மொட்டை மாடிக்கு ‘டெக்’ என்று பெயர். கேப்டனின் வரவேற்பு விருந்தும் நடந்தது. கேப்டன் நடுக்கடலில் இருந்ததால் அவருடைய நாற்காலியைக் காலியாக விட்டு, அதற்கும் ஒரு பூச்செண்டு வைத்திருந்தார்கள். எல்லோரும் அந்த நாற்காலியைப் பார்த்துக் கைதட்டினோம். எங்கள் இருவருக்கும் ஜன்னலோரம் ஒரு மேசை. அண்ணன் விருந்து தொடங்கும் முன்பே சாப்பிட்டு முடித்திருந்தார். நான் உட்கார்ந்தபோது எதிரில் அவர் விட்டுப்போன நார்த்தங்காய் ஊறுகாய்ப் பொட்டலம் கிடந்தது. மறந்து வைத்ததா, வைத்துவிட்டுப் போனதா தெரியாது. பரிமாறுகிறவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். மற்றவர் வருவாரா என்று கேட்டிருப்பார். நான் தலையை இரண்டு பக்கமும் பொதுவாக ஆட்டி வைத்தேன்.

மறுநாள் காலை நகரத்துக் கடையொன்றில் தேநீர். சொல்லாமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸும் பற்றீஸும் மீன் பணிஸும் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டார். “நாங்க கேக்கவே இல்லையே.”

“கேக்கத் தேவல்ல, பெரிய சேர். வைப்பாங்க. எடுத்ததுக்கு மட்டும்தான் சல்லி. இல்லாட்டி அப்பிடியே எடுத்துட்டுப் போவாங்க,” என்றார் நஸீர்.

“கூப்பிடாம வந்து ஒக்காருதா இதெல்லாம்,” என்றார் அண்ணன். ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார். என்னைக் குத்திச் சொன்னாரா, பசியில் சொன்னாரா என்று நான் தேநீர் ஆறுகிறவரை யோசித்தேன்.

அங்கேதான் கம்பெனிப் பெண்ணின் செய்தி இரண்டு போனிலும் ஒன்றாக வந்தது. கப்பல் நாளை கொழும்புக்கு வந்துவிடும். பயணத்தைக் கைவிட்டு ஊர் திரும்ப நினைக்கிறவர்கள் இன்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். ஓர் அறைக்கு ஒரு பதில்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் ஊருக்குப் போறேன்னு அவர்ட்ட சொல்லிருங்க. கடையத் தொறக்கணும்.” அவருக்கு ஹார்ட்வேர் கடை.

நஸீர் என் பக்கம் திரும்பினார். “பெரிய சேர் ஊருக்குப் போக யோசிக்கிறாராம்.”

“யோசிக்கல. போறேன்னேன்.”

“யோசிக்காமப் போறாராம்.”

“சரின்னு சொல்லுங்க,” என்றேன். சொன்ன பிறகு கயலின் குரல்தான் காதில் கேட்டது. எனக்கும் முடியல. ஒரு போன் பேச்சில் முடிந்துவிடும். அதன் பிறகு அவள் வீட்டு நல்லது கெட்டதுக்கு இரண்டு பேரும் இரண்டு நாளில் போவோம். அவள் இரண்டு தடவை சமைப்பாள்.

வண்டி இருக்கிறது, பகலும் கிடக்கிறது என்று நஸீர் எங்களைப் பன்வில பக்கம் தேயிலை பார்க்க அழைத்துப்போனார். மூன்று மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்றும் சொன்னார். அவருடைய தங்கை மகனுக்கு அன்றைக்குக் கல்யாணம், மூத்த சகோதரர் வீட்டில். “வலீமா சாப்பாடு நாளைக்குத்தான்னு நெனச்சேன். இண்டைக்காம். ஊட்டுல சொல்றதெல்லாம் வண்டிக்காரனுக்குக் கடைசியாத்தான் வரும்.”

வத்தேகம தாண்டியதும் பச்சை ஏறத் தொடங்கியது. சரிவு சரிவாக, யாரோ சீப்பு வைத்துப் படிய வாரிவிட்ட மாதிரி. பனி ஒரு சரிவைத் திறந்து காட்டும், மூடும், வேறொன்றைத் திறக்கும். எந்த மலை எங்கே இருந்தது என்று கொஞ்ச நேரத்தில் மறந்துபோகிறது. வழியில் ஒரு தகரக் கொட்டகைத் தேநீர்க் கடை. கடைக்கார அம்மா பேச வாயைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது எங்கள் ஊர்ப் பேச்சு, எந்தத் தலைமுறையிலோ தோட்ட வேலைக்கு வந்தவர்களோடு வந்தது.

“வாங்க, வாங்க. நனைஞ்சு போயிட்டீங்களே. சீனி எப்பிடி போடட்டும்?” எங்களை மாறி மாறிப் பார்த்தார். “அண்ணந் தம்பியா? ஒரே மூஞ்சியா இருக்கு. ஏன் ஆளுக்கொரு பெஞ்சுல ஒக்காந்துருக்கீங்க? பெஞ்சு ஒடைஞ்சிராது. எங்க வீட்டுக்காரரு அடிச்சது.”

அண்ணன் அந்த அம்மாவிடம் வாய் ஓயாமல் பேசினார். தேயிலை விலை, மழை, அவருடைய பிள்ளைகள் படிப்பு, தகரத்துக்கு எந்த ஆணி நல்லது என்பதுவரை. இரண்டு நாளில் நான் கேட்ட அவருடைய அதிகபட்சப் பேச்சு அதுதான். எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, என் ஊரின் குரலையும் என் வீட்டின் குரலையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் இல்லை என்றாலும் பரவாயில்லை, பேசிக்கொண்டே இருக்கட்டும் என்றிருந்தது.

இறங்கும்போது மழை பிடித்தது. மடவளை எல்லையில் வண்டிகள் வரிசையாக நின்றன. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பெரிய மரம், அப்போதுதான் படுத்துத் தூங்கப் போன மாதிரி இலையெல்லாம் ஈரமாக விழுந்து கிடந்தது. அறுத்து எடுக்க இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். நஸீர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். பிறகு சட்டென்று பக்கத்துச் சந்துக்குள் வண்டியைத் திருப்பினார்.

“எங்க போறோம்?” என்றார் அண்ணன்.

“கல்யாண ஊட்டுக்கு. வாசலோட போறவங்களையே விடமாட்டாங்க. உங்கள வண்டிக்குள்ள வச்சுட்டு நான் மட்டும் போய்ச் சாப்பிட்டா எங்க உம்மா என்னைய ஊட்டுக்கு எடுக்கமாட்டாங்க.”

வாசலில் பன்னீர் தெளித்தார்கள். மழையில் ஏற்கெனவே நனைந்திருந்த சட்டையில் அதுவும் சேர்ந்தது. நஸீரின் மூத்த சகோதரர், வெள்ளைத் தொப்பி வைத்த பெரியவர், அண்ணனைக் கண்டதும் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப்போய்விட்டார். நான் செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது. கப்பல் கம்பெனிப் பெண். உங்கள் அறைக்கு இன்னும் பதில் வரவில்லை, வருகிறீர்களா இல்லையா என்றார். அண்ணன் காலையிலேயே சொல்லிவிட்டார். இல்லை என்று நான் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. “பத்து நிமிடம் கொடுங்கள். என் அண்ணனை ஒரு தடவை கேட்டுச் சொல்கிறேன்,” என்று வைத்தேன். வைத்த பிறகுதான் அந்த வாக்கியம் எனக்கே விளங்கியது. கேட்பதற்கு நஸீரைத் தேட வேண்டும்.

கூடத்து வாசலுக்குப் போனேன். உள்ளே பாய் விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி. பெண்களுக்கு உள்வீட்டில். இங்கே ஆண்கள் ஆறு ஆறு பேராக வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவில் குடை மாதிரி மூடிபோட்ட பெரிய வட்டத் தட்டு. அதை சஹன் என்கிறார்கள். ஆறு பேருக்கு ஒரே தட்டு. இலையும் கிடையாது, பரிமாறுகிறவரும் கிடையாது. பெரும்பாலும் சாப்பிட்டு முடிந்திருந்தது. மூலையில் கடைசி சஹன் மட்டும் திறக்காமல் இருந்தது. அதுவரை வேலை பார்த்த வீட்டு ஆட்கள் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர், நஸீர், இன்னும் இரண்டு பேர். அவர்களுக்கு நடுவில் அண்ணன். கழுவிய வலது கையை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார். ஓர் இடம் காலி.

“ஒரு ஆள் வேணும்,” என்றார் பெரியவர். “ஆறு பேர் இல்லாம இந்த ஊட்டுல மூடி தொறக்கிறல்ல.”

“அந்தா நிக்கிறாரு சின்ன சேர்,” என்றார் நஸீர்.

“வாங்க, வாங்க தம்பி,” என்றார்கள் எல்லோரும். நான் வாசலில் நின்றேன். எவ்வளவு தூரம் வந்து, கடைசியில் மறுபடியும் ஒரு பந்தி வாசலில். அண்ணன் மட்டும் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். “உங்கட தம்பிதானே? நீங்க ஒரு வார்த்தை கூப்பிடுங்களேன்.”

“அவன எதுக்குங்க கூப்பிடணும்? கூடப்பொறந்தவன். அவனா வந்து...”

“நான் நஸீருக்குக் கூடப்பொறந்தவன்தான். இது என்ட ஊடுதான்,” என்றார் பெரியவர். “என்னையும் இவன்தான் குசினில வந்து, நானா சாப்பிட வாங்கன்னு கூப்பிட்ட. கூப்பிடாட்டி இன்னும் அங்கதான் நிப்பேன், பாத்திரத்த எண்ணிக்கிட்டு.”

நஸீர் சிரித்தார். “கூப்பிடாட்டி ஒரு மாசத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு.”

“சோறு ஆறுதே,” என்றார் இன்னொருவர், யாரிடமும் இல்லாமல்.

அண்ணனின் தூக்கிய கையிலிருந்து ஒரு சொட்டு நீர் முழங்கை வரை இறங்கியது. அவர் அதையே பார்த்தார். வெளியே மரம் அறுக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நாலு வருடத்தில் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

“டேய். சாப்பிட வா.”

போனேன். ஒருவர் கெண்டியிலிருந்து தண்ணீர் ஊற்ற, கையைக் கழுவிக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்தேன். முழங்கால் அண்ணனின் முழங்காலில் இடித்தது. அவர் நகர்த்திக்கொள்ளவில்லை. மூடி திறந்தது. நெய்யும் ஏலக்காயுமாக ஆவி எழுந்து ஆறு முகத்தையும் மறைத்தது. காலையில் மலையை மறைத்தது போலத்தான். அது விலகியபோது எல்லோரும் சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

அவரவர் முன்னால் உள்ள சோறு அவரவருக்கு. நடுவில் இருக்கும் கோழி எல்லோருக்கும். “ஒங்களுக்காக மாட்டிறைச்சி வைக்கல்ல, கோழி மட்டும்தான்,” என்றார் நஸீர். அண்ணன் கோழியைப் பிய்த்தார். தொடைப் பக்கத்தை எடுத்து என் சோற்றுக்குள் தள்ளினார். வீட்டில் அம்மா ஒரே தட்டில் பிசைந்து வைத்த நாளிலிருந்து எனக்குத் தொடை, அவருக்குக் கழுத்து.

“அண்ணே, அந்தக் கப்பல்காரப் பொண்ணு...”

“மொதல்ல தின்னு.”

எனக்குச் சீக்கிரம் முடிந்துவிட்டது. வழக்கம்போல எழுந்திருக்கப் பார்த்தேன். நஸீர் என் முட்டியில் இடது கையை வைத்தார். “ஆறு பேரும் முடிக்காம எழும்புறல்ல, சேர்.” அண்ணன் எப்போதும் நிதானமாகச் சாப்பிடுகிறவர். ஒவ்வோர் எலும்பையும் விசாரித்து அனுப்புகிறவர். நாங்கள் ஐந்து பேரும் காய்ந்த கையோடு உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எழுந்து போக வழியில்லை. எனக்கு அவசரமும் இல்லை. கடைசியில் இனிப்புக்கு, தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் வந்தது. அதையும் அவர் நிதானமாகவே சாப்பிட்டார்.

கை கழுவிவிட்டு வெளியே தாழ்வாரத்தில் நின்றோம். மழை விட்டிருந்தது. அண்ணன் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு நஸீரைப் பார்த்தார். “அவர்ட்ட சொல்லுங்க...” என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“போன் போடு அந்தப் பொண்ணுக்கு. வாறோம்னு சொல்லு.”

“கடை?”

“கடை எங்கயும் போகாது. பூட்டித்தான கெடக்கு.”

மறுநாள் காலை கண்டியை விட்டு இறங்கினோம். கயலுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. ஹோட்டல் கைப்பிடி அருகே எடுத்த ஒரு படத்தை மட்டும் அண்ணன் அனுப்பினார். இருவருமே கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறோம். பின்னால் பனி. பார்க்கிறவர்கள் நடுக்கடல் என்றுதான் நினைப்பார்கள். அவள் திருப்பி ஒரு கேள்விக்குறி அனுப்பினாள். சற்றுக் கழித்து நிறைய.

வேனில் இரண்டு பேரும் பின்சீட்டில். நடுவில் நார்த்தங்காய்ப் பொட்டலமும், மடவளையிலிருந்து கட்டிக்கொடுத்த வட்டிலப்பமும். முன்சீட்டு காலி. கடுகண்ணாவை வளைவுகளில் அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சந்தைக் கடன் ஒன்றைப் பற்றி, தெருவில் புதிதாக வந்த நாயைப் பற்றி, நாலு வருடமாகச் சேர்த்துவைத்திருந்த எல்லாவற்றையும் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

நஸீர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். “இண்டைக்கு எனக்கு ஒரு வேலையும் இல்ல போல.”

“ரோட்டப் பாத்து ஓட்டுங்க நானா,” என்றார் அண்ணன்.

கீழே, பனி முடிகிற இடத்துக்கும் அப்பால், எங்கோ கடல் இருந்தது. மெதுவாகப் போகலாம்.